கண்ணை மூடாத அக்கா

டிசம்பர் பிறந்துவிட்டால் திண்டிவனத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு இரண்டு வேலைகள் வந்துவிடும். ஒன்று ஒட்டடை அடிப்பது. இன்னொன்று ஒளித்து வைப்பது. ஒட்டடை அடிப்பது கிறிஸ்துமஸுக்காக. ஒளித்து வைப்பது அக்காவுக்காக.

அக்கா திருடி இல்லை. யார் வீட்டுப் பொருளையும் அவர் கை தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு பண்ணுவார்.

எங்கள் சபையில் பெண்கள் சங்கம் உண்டு. டிசம்பர் மாதம் சாயங்காலங்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து, சபையார் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். டிசம்பரில் வீடு எப்படிக் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெய்லரிடம் கொடுத்த ஜாக்கெட் வந்திருக்காது. சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள் பாதிச் சுவரோடு போயிருப்பான். மாவு மிஷினில் கூட்டம், அடுப்பில் எண்ணெய், இடுப்பில் வலி. அந்த நேரம் பார்த்து வாசலில் "ஸ்தோத்திரம்" என்று குரல் கேட்டால் மனசுக்குள் என்ன வரும் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். வாயில் மட்டும் "வாங்க, வாங்க" என்று வரும்.

மற்றவர்கள் பண்ணினால் எல்லா வீட்டுக்கும் ஒரே ஜெபம்தான். குடும்பத்தை ஆசீர்வதியும், பிள்ளைகளை ஆசீர்வதியும், ஆமென். எண்ணெய் காய்வதற்குள் முடிந்துவிடும். அக்கா எதையும் கேட்க மாட்டார். நன்றி மட்டும்தான் சொல்லுவார். எதற்கு நன்றி சொல்வது என்று தேடிக்கொண்டு அவர் கண் அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரும். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். அவர் குரல் மட்டும் கேட்கும்.

"ஆண்டவரே, இந்தப் புது கர்ட்டனுக்காக ஸ்தோத்திரம். மேல சுத்துற ஃபேனுக்காக ஸ்தோத்திரம். ஃபேன் மேல இருக்கிற தூசிக்காகவும் ஸ்தோத்திரம்ப்பா, அத்தத் தொடைக்க இந்தப் புள்ளைக்கு நேரம் குடுங்க. கதவுக்குப் பின்னாடி மாமியாருக்குத் தெரியாம வெச்சிருக்கிற அந்தப் பட்டுப்புடவைக்காக ஸ்தோத்திரம்."

மாமியாரும் அதே ஜெபத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

மூலை வீட்டு ரெஜினாவிடம் ஒரு வருஷம் நான் மிக்ஸி இரவல் கேட்டேன். என்னுடையது புகைந்துபோயிருந்தது. "ஐயோ, என்னுதும் ஓடலியே, மோட்டார் காயில் போயிடுச்சே" என்றாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டில் ஜெபம். அக்கா தொடங்கினார்.

"மூடி போட்டு வெச்சிருக்கிற சட்னிக்காக ஸ்தோத்திரம். சூடு ஆறாத இந்த மிக்ஸிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். ஆமென் சொன்னதும் ரெஜினா, யாரும் கேட்காமலே, "இப்பத்தான் ரிப்பேர்லேர்ந்து வந்துது" என்றாள்.

எங்கள் வீடும் தப்பவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். இனிப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"அலமாரில இருக்கிற பெரிய வேதப்புஸ்தகத்துக்காக ஸ்தோத்திரம். அதுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்வீட் பாக்ஸுக்காக ஸ்தோத்திரம். அதுல பாதிய முடிச்சிட்ட எங்க தம்பிக்காகவும் ஸ்தோத்திரம்ப்பா. சுகர் ஏறாம பாத்துக்குங்க."

அன்று என் வீட்டுக்காரர் ஆமென் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு, "அந்தம்மா ஜெபத்துக்கு வந்தாங்களா, ரெய்டுக்கு வந்தாங்களா?" என்று கேட்டார். 'சிசிடிவி' என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது. அக்கா காதுக்கும் போனது.

"சிசிடிவின்னா என்னாடி?" என்று என்னிடம் கேட்டார்.

தெருமுனை நகைக்கடை வாசலில் மாட்டியிருப்பதைச் சொன்னேன். ராத்திரி பகல் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றேன்.

"கண்ண மூடவே மூடாதா?"

"மூடாதுக்கா."

"நல்ல பேருதான். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் வஞ்சகமாகச் செய்கிறாரா, வெள்ளை மனசோடு செய்கிறாரா என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை பொம்மைக் கடையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சின்ன வயசிலிருந்தே ஒரு மிஷன் போர்டிங்கில் ஆயாவாக வேலை பார்த்தவர். சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து ஜெபம் சொல்ல வேண்டியது அவர் வேலை.

"ஞாயித்துக்கிழமன்னா முட்டை. கண்ண மூடிக்கினு ஆமென் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முட்டைங்க தட்டு மாறிடும். சின்னப் புள்ளைங்க அழுவும். அப்புறம் நான் கண்ணத் தொறந்துக்கினே ஆரம்பிச்சேன். சோத்துக்காக ஸ்தோத்திரம், கொழம்புக்காக ஸ்தோத்திரம், மூணாவது வரிசைல பக்கத்துத் தட்டுக்கு நீளுற அந்தக் கைக்காகவும் ஸ்தோத்திரம்னுவேன். கை தானா உள்ள போயிடும்."

"அப்ப திட்டுறதுக்குத்தான் ஸ்தோத்திரமா அக்கா?"

"திட்டுனா அந்தப் புள்ள சாப்பிடாது. ஸ்தோத்திரம் சொன்னா வெக்கப்பட்டுக்கினே சாப்பிட்டுடும்" என்றார்.

ஒரு முறை விழுப்புரத்தில் பெண்கள் சங்கங்களுக்கெல்லாம் பாட்டுப் போட்டி வைத்தார்கள். பண்டிகைக் கூட்டம். பஸ் உள்ளே வருவதற்கு முன்னாலேயே சன்னல் வழியாகத் துண்டு, பை, குழந்தை எல்லாவற்றையும் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் எல்லோரும் முட்டி வலிக்காரிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். பக்கத்து சீட்டில் ஒரு வாலிபன், எங்களைப் பார்த்ததும் சட்டென்று தூங்கிப்போனான்.

பஸ் கிளம்பியதும் அக்கா சத்தமாக ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, இந்த பஸ்ஸுக்காக ஸ்தோத்திரம். படியில தொங்கிக்கினு வர்ற புள்ளைங்களுக்காக ஸ்தோத்திரம். இதோ, நீலச் சட்ட போட்டுக்கினு, இப்ப எழுந்து எங்களுக்கு எடம் குடுக்கப் போற தம்பிக்காக ஸ்தோத்திரம்."

பஸ்ஸில் இருந்த எல்லோரும் நீலச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். அந்தப் பையன் கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றான். அவனுக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பேர், தங்கள் முறை வருவதற்குள் தாங்களாகவே எழுந்துகொண்டார்கள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். போட்டியில் எங்களுக்குப் பரிசு இல்லை. அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார். "தூக்கிக்கினு போற பேஜாரு இல்ல பாரு" என்றார்.

புதிதாக ஒரு போதகர் எங்கள் சபைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், கண்டிப்பானவர். அவர் வந்த வருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனையில் ஜெபம் சொல்லும்படி அக்காவை எழுப்பிவிட்டார். அக்காவைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா பீடத்தைப் பார்த்தார். "மெழுகுவத்திக்காக ஸ்தோத்திரம். தொங்க விட்டிருக்கிற ஸ்டாருக்காக ஸ்தோத்திரம். போன வாரம் நரச்சிருந்து, இந்த வாரம் கருகருன்னு ஆயிட்ட எங்க ஐயா மீசைக்காக ஸ்தோத்திரம்."

சபை முழுக்கக் கண்ணைத் திறந்து மீசையைப் பார்த்தது. போதகரும் கண்ணைத் திறந்தார்.

"இப்ப கண்ணத் தொறந்த எல்லாருக்காகவும் ஸ்தோத்திரம்" என்று அக்கா முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவரைக் கூப்பிட்டு, "கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பழகுங்கம்மா" என்று சொன்னார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. போதகரும் வந்திருந்த அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே" என்றார். சத்தமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆண்டவரே" என்றார் மறுபடியும். ரெஜினா இருமினாள். யாரோ வளையலைச் சரிசெய்தார்கள். ஒன்றும் வரவில்லை.

கடைசியில் கண்ணைத் திறந்து, "ஐயா, கண்ண மூடுனா ஒரே இருட்டா இருக்குதுங்க. இருட்டுக்கு எவ்ளோ நேரம் ஸ்தோத்திரம் சொல்றது?" என்று கேட்டார்.

போதகர் சிரித்துவிட்டார். "நீங்க உங்க வழியிலயே பண்ணுங்கம்மா. மீசைய மட்டும் விட்டுடுங்க" என்றார்.

எனக்கு அந்தக் கூட்டங்களில் ஒரு கஷ்டம் உண்டு. சங்கிலி ஜெபம் என்று ஒன்று வைப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் லேசாகத் தொட வேண்டும். தொட்டால் அடுத்தவர் தொடங்க வேண்டும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பேச்சு வராது என்று இல்லை. நாலு பேர் கேட்க என் குரல் எழும்பாது. என்னைத் தொட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே நான் அடுத்தவரை இடித்துவிடுவேன். அதற்காகவே அக்காவுக்கு இடது பக்கம் இடம் பிடித்து உட்காருவேன்.

அக்கா எனக்கும் சேர்த்துச் சொல்லுவார். "இவ சொல்ல நெனச்சதுக்காக ஸ்தோத்திரம். சொல்லாம என்னை இடிச்சதுக்காகவும் ஸ்தோத்திரம்."

இப்படி எத்தனையோ டிசம்பர் போனது. பிறகு அந்த டிசம்பர் வந்தது.

எங்களுக்கு ஒரே பெண். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். இடது கன்னத்தில் அடித்த தடம் இருந்தது. கேட்டேன். சொன்னாள். இது முதல் தடவை இல்லை என்றும் சொன்னாள். இனி போக மாட்டேன் என்றாள்.

அவள் அப்பா, "பண்டிகை முடியட்டும். அது வரைக்கும் வெளிய தெரிய வேணாம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாழாமல் வந்துவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊர் சொல்லும். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "இந்த வருஷம் அவளுக்கு விழுப்புரத்துலதான் கிறிஸ்துமஸ்" என்று சொன்னேன். ஆராதனைக்குக்கூட அவளைக் கூட்டிப் போகவில்லை. சன்னலைச் சாத்தினோம். டிவி சத்தத்தைக் குறைத்தோம்.

"நான் என்னாம்மா தப்பு பண்ணேன், ஒளிஞ்சுக்கினு கெடக்கிறதுக்கு?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் தெருவில் எல்லோரும் மிக்ஸியையும் புடவையையும் ஒளித்து வைத்தார்கள். நான் பெற்ற பெண்ணை ஒளித்து வைத்தேன்.

எங்கள் வீட்டு ஜெபத்தின் முறை வந்தது. எனக்குக் காய்ச்சல், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரெஜினாவிடம் சொல்லி அனுப்பினேன். "காய்ச்சல்னா ஜெபம் கட்டாயம் வேணுமே" என்று பதில் வந்தது. எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வருவார்கள் என்று பார்த்தால், காய்ச்சல்காரி என்று இரக்கப்பட்டு சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

நானும் மகளும் அடுப்படியில் சோமாசி செய்துகொண்டிருந்தோம். மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வறுத்துப் பொடித்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பூரணம். அவள் மடித்து வைப்பாள், நானும் மடிப்பேன், நடுவில் எழுந்து எண்ணெயில் போடுவேன். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் "ஸ்தோத்திரம்" என்று குரல் கேட்டது.

"ஜல்தி, உள்ள போ" என்றேன். எழுந்து உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் செருப்பை என் வீட்டுக்காரர் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கொடியில் அவள் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவிவிட்டார். வைக்க இடம் தெரியவில்லை. அதற்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ரோஸ் நிறம். ஓரத்தில் சின்னச் சின்ன மணி.

"அண்ணே, புதுத் துண்டா?" என்று ரெஜினா கேட்டாள்.

"ஆமாம்மா. தள்ளுபடில வாங்குனது" என்றார்.

"ஒனக்குக் காய்ச்சல்னாங்க, அடுப்புல நிக்கிற?" என்று அக்கா என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். எங்கள் வீடு சின்னது. கூடத்தில் நின்றால் அடுப்படி முழுசும் தெரியும். எண்ணெயில் ஒரு ஈடு சோமாசி வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கலாம் என்று நான் திரும்புவதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு சரணம் பாடினார்கள். அக்கா கையைக் குவித்தார்.

"ஆண்டவரே, இந்த அடுப்புக்காக ஸ்தோத்திரம். பண்டிகை நேரத்துல தீந்துபோவாத சிலிண்டருக்காக ஸ்தோத்திரம். தம்பி தோள்ல கெடக்கிற அந்த..."

நிறுத்தினார். என் வீட்டுக்காரர் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"...அந்தத் துண்டுக்காக ஸ்தோத்திரம். தாம்பாளத்துல அடுக்கி வெச்சிருக்கிற சோமாசிக்காக ஸ்தோத்திரம்ப்பா. அதுக்குள்ள இருக்கிற மல்லாட்டைக்காக, அத மடிச்ச..."

மறுபடியும் நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறந்து தாம்பாளத்தைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாம்பாளத்தில் ஒரு பக்கம் நான் மடித்தவை, ஓரத்தை விரலால் அழுத்திவிட்டது, கோணலும் மாணலுமாக. இன்னொரு பக்கம் ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கி முறுக்கி மடித்தவை. எங்கள் சபையில் அந்த முறுக்கு மடிப்பு இரண்டு பேர் விரலுக்குத்தான் வரும். ஒன்று அக்கா. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் சபை விருந்துக்குச் சோமாசி செய்யும்போது, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டவள் என் பெண்.

அக்கா தாம்பாளத்தைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே" என்றார். அவ்வளவுதான். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "ஆண்டவரே" என்றார் திரும்பவும். ரெஜினா ஒரு கண்ணைத் திறந்து, அக்கா கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து, பயந்து இரண்டு கண்ணையும் திறந்துவிட்டாள். கருகல் வாசனை வந்தது. நடு ஜெபத்தில் போய் அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கை குவித்தபடி நின்றோம். சோமாசி கருகிக்கொண்டிருந்தது.

உள் அறையின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. என் பெண் வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். கருகியதை ஜல்லிக் கரண்டியால் வழித்து எடுத்து வைத்தாள். பிறகு அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் பெரியம்மா நிறுத்திட்டீங்க? உள்ள கேட்டுக்கினுதான் இருந்தேன். அடுப்புக்குச் சொன்னீங்க. சிலிண்டருக்குச் சொன்னீங்க. அப்பா தோள்ல கெடக்கிற என் துப்பட்டாவுக்குக்கூட சொன்னீங்க. எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

அக்கா கண்ணைத் திறந்தார். ஒரு வீட்டைப் பார்க்கிற மாதிரி அவளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். குரல் பழையபடி வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்தப் புள்ளைக்காக ஸ்தோத்திரம். கெளம்பி வரத் தெரிஞ்ச அந்தக் காலுக்காக ஸ்தோத்திரம். ஏத்திக்கினு வந்த பஸ்ஸுக்காக ஸ்தோத்திரம். எடுத்துக்கினு வந்த துணிப் பைக்காக ஸ்தோத்திரம். வான்னு சொன்ன இந்த வாசலுக்காக ஸ்தோத்திரம். நான் சொல்லிக் குடுத்த மடிப்ப மறக்காத வெரலுக்காக ஸ்தோத்திரம்ப்பா."

அவர் கண் அவள் கன்னத்தில் வந்து நின்றது. தடம் மஞ்சளாகி மங்கியிருந்தது. ஆனாலும் தெரிந்தது.

"இதுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன் ஆண்டவரே. நீங்களும் பாத்துக்கினுதான் இருந்தீங்க. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ஆமென்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்த மணி ஒன்று அறுந்து விழுந்தது.

ரெஜினா வாயைத் திறந்தாள். "எப்ப வந்த? அவரு..."

"ஆண்டவருகிட்டயே சொல்லியாச்சு. அதுக்கப்புறம் தெருவுல போய் சொல்றதுக்கு என்னாடி மிச்சம் இருக்குது?" என்றார் அக்கா. "கையக் கழுவிக்கினு வா. மாவு காயுது."

அன்று எல்லோரும் எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற வீடுகளின் ஜெபம் மறுநாளைக்குப் போனது. அக்கா ஒரு பக்கம், என் பெண் ஒரு பக்கம், நடுவில் ரெஜினா முறுக்கு மடிப்புக் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து மாவை நாசம் பண்ணினாள். அவள் மடித்ததெல்லாம் எண்ணெயில் போட்டதும் வாயைத் திறந்து பூரணத்தைக் கக்கியது. "ஒன்ன மாதிரியேதான் இருக்குது, உள்ள ஒண்ணும் தங்கல" என்றார் அக்கா. என் பெண் சிரித்தாள். வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல். கருகிய சோமாசிக்கும் ஸ்தோத்திரம் சொல்லி, அக்காவே அதைத் தின்றார்.

மறுநாள் காலையில் ரெஜினா, நான் கேட்காமலே, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் பெண் அந்த ரோஸ் துப்பட்டாவையே போட்டுக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "அப்பாவோட துண்டு நல்லா இருக்குதே" என்று போதகரம்மா கேட்டார். அதற்குள் அங்கே வரைக்கும் கதை போயிருந்தது. ஆனால் போனது துண்டுக் கதைதான். மற்றதை யாரும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் போகவும் இல்லை. இங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கொஞ்ச காலத்தில் அக்காவை அவர் மகன் விழுப்புரத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பரில், நானும் என் பெண்ணும் போய்ப் பார்த்தோம். அதுதான் கடைசி. சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயிருந்தது. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. மருமகள் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பண்டிகை வேலை.

"ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா" என்றேன்.

"எங்கடி, எல்லாம் இருட்டா கெடக்குது" என்றார். முழங்கையால் என்னை லேசாக இடித்தார்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் இடிப்பதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"நீ பாத்துச் சொல்லு. நான் ஸ்தோத்திரம் சொல்றேன்."

சுற்றிப் பார்த்தேன். "சன்னல்ல ஒரு ஸ்டாரு தொங்குதுக்கா."

"எரியுதா?"

"ஒரு பக்கம்தான் எரியுது."

"எரியிற பக்கத்துக்காக ஸ்தோத்திரம். அப்புறம்?"

"உங்க மருமவ மாவு பெசையிறா."

"கோவமாவா?"

மெதுவாக, "ஆமாங்க்கா" என்றேன்.

"ஸ்தோத்திரம். ஒடம்புல தெம்பு இருக்குது. அப்புறம்?"

"என் பொண்ணு நிக்கிறா."

"எப்பிடி நிக்கிறா?"

திரும்பிப் பார்த்தேன். "சிரிச்சுக்கினு நிக்கிறாக்கா."

அவர் ஸ்தோத்திரம் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுபடியும் முழங்கையால் இடித்தார்.

"இதுக்கு நீயே சொல்லுடி."

சொன்னேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து அந்த மருமகள், "ஆமென்" என்றாள்.